காத்திருந்தவருக்கும் கூலி

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் அந்த வரிசை நல்ல நாளில் சில மணி நேரத்தில் நகர்ந்துவிடும். வாசலில் ஏதாவது ஒரு கருவி மக்கர் செய்தாலோ, புயல் ஓய்ந்து கப்பல்கள் ஒரே சமயத்தில் கரை பிடித்தாலோ கதை வேறு. திருவொற்றியூரைத் தாண்டியும் வால் நீண்டு, வண்டிகள் ஒரு நாளுக்கு மேல் நின்ற காலங்கள் உண்டு.

அந்த நேரத்தில் ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று யாராவது பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சைடு கண்ணாடியில் பனியன் காய்கிறது. வண்டியின் நிழலில் சின்ன ஸ்டவ்வில் சோறு வேகிறது. முன்னால் நிற்கிற வண்டி நாலடி நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஏறி, இவரும் நாலடி நகர்த்த வேண்டும். தாமதித்தால் நடுவில் இன்னொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். ஆகவே அவரால் தூங்க முடியாது, வண்டியை விட்டு எங்கும் போகவும் முடியாது. ஆனால் அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. அவருடைய வருமானம் பெரும்பாலும் டிரிப்பைப் பொறுத்தது. சக்கரம் உருண்டால் காசு.

ஓரமாக நிற்பவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஆட்டத்தில் இறங்கியவரைத்தான் பார்ப்போம், கைதட்டுவோம், சம்பளம் கொடுப்போம். இறங்கத் தயாராக, அழைப்பு வருமா என்று நின்றுகொண்டிருப்பவரை அவருடைய விதிக்கு விட்டுவிடுவோம். விளையாட்டிலும் இதுதான், தொழிலிலும் இதுதான். வடசென்னை இந்த வழக்கத்தால் அதிகம் அடிபட்ட பகுதி. அதே வடசென்னைத் துறைமுகத்தில்தான், காத்திருப்பதும் வேலை, அதற்கும் கூலி உண்டு என்று ஒரு காலத்தில் சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஏற்பாட்டை இன்று பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். அதை மீண்டும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கப்பல் கடிகாரம் பார்த்து வருவதில்லை. ஒரு வாரம் ஐந்து கப்பல், மறுவாரம் ஒன்று. எத்தனை கப்பல் வந்தாலும் சரக்கை இறக்க ஆள் வேண்டும், வராத நாளில் ஆள் வேண்டாம். முதலாளிக்கு இதில் ஒரு வசதி இருந்தது: விடியற்காலையில் வாசலில் தேவைக்கு மேல் கூட்டம் நிற்கும், மேஸ்திரி கை நீட்டிக் காட்டியவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். மேஸ்திரியின் தயவு யாருக்கு இருக்கிறதோ அவர் வீட்டில் உலை கொதிக்கும். லண்டன் முதல் சென்னை வரை எல்லாத் துறைமுகங்களிலும் இதே காட்சிதான்.

லண்டனில் 1889 ஆகஸ்டில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டார்கள் என்பதுதான் வரலாற்றில் பெரிதாக நிற்கிறது. அவர்கள் கேட்ட இன்னொன்று அதைவிட ஆழமானது. ஒருவரை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்காவது கூலி தர வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் மூட்டை தூக்கவைத்துவிட்டுப் போகச் சொல்வதற்காக ஒரு மனிதனின் முழு நாளையும் வாசலில் கட்டிப்போடாதே என்பதுதான் அதன் பொருள்.

இந்தியாவில் 1931இல் வெளிவந்த விட்லி ஆணையத்தின் அறிக்கை, துறைமுகக் கூலிகளைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்த வேண்டும் என்று சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல், துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தாவை அடுத்து சென்னையில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் 1953இல் அமைந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் வாரியம் அது.

அது செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொழிலாளர்கள் பெயர் பதிவேட்டில் ஏறியது. மாதச் சம்பளக்காரர்கள் போக மற்றவர்கள் ஒரு பொதுக் குழுவில் இருந்தார்கள். வேலை முறைவைத்து வந்தது, மேஸ்திரியின் விரலைப் பார்த்து அல்ல. மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிச்சயம் என்று வைத்தார்கள். ஆஜராகியும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி தந்தார்கள். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. வேலை ஒதுக்கப்பட்டு, ஆள் வந்து நின்று, மழையாலோ கப்பல் தாமதத்தாலோ வேலை தொடங்காமல் திருப்பி அனுப்பப்பட்டால், அந்த ஏமாற்றத்துக்கென்றே ஒரு தொகை. சட்டத் திட்டத்தில் அதன் பெயரே ஏமாற்றப் படிதான்.

இது யாருடைய இரக்கத்தாலும் வந்ததல்ல. துறைமுகத்துக்குத் தேவைப்பட்டது மூட்டை தூக்கும் தோள் மட்டுமல்ல, எந்த நேரத்திலும் அழைத்தால் வந்து நிற்கும் தோள். அந்தத் தயார்நிலை இல்லாவிட்டால் கப்பல் நங்கூரமிட்டுக் கிடக்கும். அதைத்தான் வாரியம் விலைக்கு வாங்கியது. அதற்கான பணத்தை முதலாளிகளிடமிருந்து தீர்வையாக வசூலித்தது. வேலை மறுத்தாலோ ஆஜராகாவிட்டாலோ படி கிடையாது. சோம்பேறிக்குச் சம்பளம் என்று இதை யாரும் சொல்ல முடியாதபடி கணக்கு கச்சிதமாக இருந்தது.

1983இல் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் சென்னையில் திறக்கப்பட்டது. நூறு பேர் இறக்கிய சரக்கை ஒரு கிரேன் இறக்கியது. 1997இல் வந்த ஒரு சட்டம், பெரிய துறைமுகங்களில் இருந்த தொழிலாளர் வாரியங்களைத் துறைமுகப் பொறுப்புக் கழகங்களோடு இணைக்க வழிவிட்டது. சென்னை வாரியமும் அப்படிக் கரைந்துபோனது. இயந்திரம் வந்ததைக் குறை சொல்வதற்கில்லை, மனிதன் முதுகில் மூட்டை சுமக்க வேண்டியதில்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் காத்திருப்பு ஒழியவில்லை. கப்பல் தளத்திலிருந்து கிளம்பி எண்ணூர் சாலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அங்கே பதிவேடு இல்லை, படி இல்லை, வாரியம் இல்லை.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. கப்பலை ஒப்பந்த நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் கப்பல்காரருக்கு டெமரேஜ் கட்ட வேண்டும். கன்டெய்னரை உரிய நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் கப்பல் நிறுவனம் நாள் கணக்கில் வாடகை போடுகிறது. ஆக, கடல் வணிகத்தில் காத்திருப்புக்கு விலை இல்லாமல் இல்லை. கப்பல் நின்றால் உண்டு, இரும்புப் பெட்டி நின்றால் உண்டு. அந்தப் பெட்டியைச் சுமந்து வரிசையில் நிற்கும் வண்டிக்கு ஹால்டிங் சார்ஜ் என்று பேரம் பேசி வாங்குகிற உரிமையாளர்கள் உண்டு. அது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது உரிமையாளரின் மனதைப் பொறுத்தது.

விளையாட்டு உலகம் இந்த விஷயத்தில் சற்று முன்னே போயிருக்கிறது, அதுவும் தாமதமாகத்தான். உலகக் கோப்பைக் கால்பந்தில் 1974 வரை இறுதி ஆட்டத்தில் களத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே வெற்றிப் பதக்கம். பயிற்சியில் வியர்வை சிந்தி, முந்தைய சுற்றுகளில் ஆடி, இறுதியன்று பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடையாது. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் 1966இல் முதல் மூன்று ஆட்டங்கள் ஆடினார், காலில் காயம்பட்டு வெளியே போனார், இறுதி ஆட்டத்தை ஓரத்தில் இருந்து பார்த்தார். 1930 முதல் 1974 வரை வென்ற அணிகளில் விடுபட்ட அத்தனை பேருக்கும் பதக்கம் தருவது என்று ஃபிஃபா 2007இல்தான் முடிவெடுத்தது. கிரீவ்ஸ் கைக்கு அது 2009இல் வந்தது. கோப்பை வென்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் ஊர்க் கிரிக்கெட்டுக்கு வருவோம். ஒரு டெஸ்ட்டில் ஆடும் இந்திய வீரருக்கு ஆட்டக் கட்டணம் 15 லட்சம் ரூபாய், அணியில் இருந்தும் ஆடாதவருக்கு அதில் பாதி. பெஞ்சில் இருப்பவரும் அணிதான் என்பதைக் கிரிக்கெட் வாரியம் காசாகவே ஒப்புக்கொள்கிறது. அந்தச் செலவு வீண் இல்லை என்பதற்கு 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் சாட்சி. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்தப் பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து போடும் ஆளாகக் கிளம்பினார். சென்னையின் வாஷிங்டன் சுந்தர் டி20 ஆட்டங்கள் முடிந்த பிறகு அதே வேலைக்காக அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டார். ஒருவர் பின் ஒருவராக முன்னணி வீரர்கள் காயத்தில் விழ, கடைசி டெஸ்ட்டில் இருவரும் இறக்கிவிடப்பட்டார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன்னும் எடுத்தார். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்ட் தோற்றிராத மைதானத்தில் இந்தியா வென்றது.

அவர்கள் ஓரத்தில் இருந்த நாட்களிலும் அவர்களுக்குச் சாப்பாடும் பயிற்சியாளரும் மருத்துவரும் இருந்தார்கள். அதனால்தான் அழைத்தபோது தயாராக இருந்தார்கள். இதே வசதி வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற ஒரு பையனுக்கு உண்டா?

வியாசர்பாடி தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி அணிக்காகக் கோவாவுக்கு எதிரான ஐஎஸ்எல் கால்பந்து லீக் அரையிறுதியில் கோல் அடித்தார், அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கு வந்தது. பிறகு முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை, அடுத்த சீசனில் களமே இல்லை. பெரிய லீகில் ஒப்பந்தத்தோடு ஆடுகிறவருக்குக் காயம்பட்டால் பிசியோ பார்க்க ஆள் உண்டு. உள்ளூர் டிவிஷனில் ஆடும் பையனுக்கு லிகமென்ட் கிழிந்தால், எம்ஆர்ஐ எடுக்கவே நண்பர்கள் வசூல் பண்ண வேண்டியிருக்கும். காலும் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான்.

முன்பு இந்த இடைவெளியை நிரப்பியது வேலை. ஐசிஎஃப், சென்னைத் துறைமுகம், இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று அணி வைத்திருந்தன. வீரர் காலையில் கையெழுத்துப் போடுவார், மாலையில் பயிற்சிக்குப் போவார். ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம். உண்மையில் அது விளையாட்டு வீரர்களுக்குக் கிடைத்த வருகைப்படி. பதக்கம் வாங்கிய ஒருவரை உருவாக்க, வாங்காத பத்துப் பேரையும் சேர்த்துத் தாங்கியது அந்த முறை. நிரந்தர வேலைகள் சுருங்கச் சுருங்க இந்தப் பாதுகாப்பும் சுருங்கிவிட்டது. விளையாட்டுச் சங்கங்களின் மேடைப் பேச்சுகளில் இந்த இழப்பு வருவதே இல்லை என்பது வருத்தம்.

வடசென்னையின் சொந்த ஆட்டம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் குத்துச்சண்டைக்கு அடுத்து கேரம். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரன் என்பது சும்மா வந்ததல்ல. சந்து முனைக் கிளப்புகளில், தலைக்கு மேல் தொங்கும் ஒற்றை பல்பின் வெளிச்சத்தில், போரிக் பவுடர் பூசிய பலகையைச் சுற்றி நின்று வளர்ந்த ஆட்டம் அது. சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற சென்னையின் மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார்.

போட்டி விதிப்படி கேரம் எப்படி ஆடப்படுகிறது என்று அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெள்ளை ஒன்பது, கருப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. எதிராளி காயைத் தவறவிடும் வரை உங்களுக்கு ஸ்ட்ரைக்கர் வராது. அதுவரை நாற்காலியை விட்டு எழக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. கையைத் தவிர உடம்பில் எதுவும் பலகையைத் தொடக் கூடாது. எதிராளி கைவரிசைக்காரராக இருந்தால் முதல் கையிலேயே ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் போட்டு முடித்துவிடுவார். நீங்கள் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே அந்த போர்டு முடிந்திருக்கும். அந்த நேரம் முழுக்க நீங்கள் செய்ததெல்லாம் பார்த்ததும் கணக்குப் போட்டதும் கையை ஆறவிடாமல் வைத்திருந்ததும்தான். அடுத்த போர்டில் அது உங்களைக் காப்பாற்றும். காத்திருப்பும் ஆட்டத்தின் பாகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறில்லை.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வென்றார். வயது 17. தந்தை ஆட்டோ ஓட்டுநர். மறு ஆண்டு மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டின் கீர்த்தனா அதே மூன்று தங்கத்தையும் வென்றார். அடுத்தடுத்த இரண்டு உலகக் கோப்பைகள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு பகுதிகள், ஆறு தங்கம். இவர்களுக்கு முன்பே, 2008இல், பிரான்சின் கான் நகரில் வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றிருந்தார். அவர் எளிய சூழலிலிருந்து எழுந்து வந்தவர். அந்த வெற்றிக்குக் கிடைத்த கவனமும் ஆதரவும் அதன் உயரத்துக்கு ஈடாக இல்லை.

காசிமா வென்ற சில வாரங்களில், 2024 டிசம்பர் 12 அன்று, சென்னையின் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். தமிழக அரசு அவருக்கு 5 கோடி ரூபாய் அறிவித்தது. கேரம் பெண்ணுக்கு என்ன என்று பலரும் உரக்கக் கேட்டார்கள். காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் வந்தது. இரண்டு தொகைகளும் நியாயமானவையே, குகேஷின் வெற்றியைக் குறைத்துப் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அன்று எழுந்த சண்டை தவறான இடத்தில் நின்றுவிட்டது. ஒரு கோடியா ஐந்து கோடியா என்பது வென்ற பிறகு வரும் கேள்வி. போட்டிக்குப் போவதற்கு முன் அரசு அந்தப் பெண்ணுக்குத் தந்த உதவி ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கும் முந்தைய பல ஆண்டுகளில், செரியன் நகரில் தினமும் பலகை முன் உட்கார்ந்த நாட்களைத் தாங்கியது ஓர் ஆட்டோவின் வருமானம். அவரோடு உட்கார்ந்து பயிற்சி எடுத்து, மாநில அளவில் அரையிறுதியோடு நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. அவர்கள் எதிரில் உட்கார்ந்து ஆடியிராவிட்டால் ஒரு சாம்பியன் எப்படிக் கூர்மை பெறுவார்?

மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தக் கதவு தட்டினால் திறக்கும். ஆனால் தட்டுகிற வயது வரைக்கும் பிள்ளை ஆட்டத்தில் நிலைத்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பையன் கேரமை விட்டுவிட்டு மீன் ஏலக் கூடத்துக்குக் கூலிக்குப் போவது ஆர்வம் குறைந்ததால் அல்ல. வீட்டில் அவன் சம்பளம் தேவைப்படுகிறது.

தொழிற்சாலைப் பக்கம் இதே பாகுபாட்டைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் ஒரு நல்ல பகுதி சேர்க்கப்பட்டது: உற்பத்தியை நிறுத்தித் தொழிலாளரை லே-ஆஃப் செய்தால், அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும். ஆனால் அதே பிரிவில் அடைப்புக்குறிக்குள் சில சொற்கள்: பதிலித் தொழிலாளியும் தற்காலிகத் தொழிலாளியும் நீங்கலாக. பின்னி ஆலை ஓடிய காலத்தில் நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால்தான் பதிலிக்கு வேலை. சங்கு ஊதும்போது வாசலில் நிற்பார், பெயர் கூப்பிட்டால் உள்ளே போவார். ஆலையின் தறி ஓடாமல் நிற்கக் கூடாது என்பதற்காகவே வைக்கப்பட்டிருந்த மனிதர் அவர். ஆலை நின்றால் எல்லோருக்கும் முன்னால் பட்டினி கிடப்பவரும் அவர்தான், இழப்பீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் அவர்தான். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு தொடர்கிறது. இன்று திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் பதிலி என்ற பெயரை அதிகம் கேட்க முடியாது, காண்டிராக்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஷட்டவுன் என்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று போனில் ஒரு தகவல், அத்தோடு சரி.

காத்திருப்புக்குப் பணம் தருவது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்பவர்கள் காசிமேட்டுக்கு ஏப்ரல் 15க்குப் பிறகு போய்ப் பார்க்கலாம். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்கு விடுமுறை. அந்த நாட்களில் படகு கரையேற்றப்படுகிறது, பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜின் பிரிக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள். அரசு ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 2023இல் முதல்வர் 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்குச் சுமார் 131 ரூபாய். போதாது. ஆனால் அரசு ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டிருக்கிறது: பொது நன்மைக்காக ஒருவரை ஓரத்தில் நிறுத்தினால், அந்த நாட்களுக்கு அவருக்கு ஏதாவது தர வேண்டும். மீனவர் அல்லாத ஐஸ் உடைப்பவர், மீன் வெட்டுபவர், லோடு தூக்குபவர் இவர்களுக்கும் அதே 61 நாளும் வேலை இல்லை. நிவாரணம் மீனவக் குடும்பங்களோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கொள்கையை அவர்கள் வரை நீட்டுவதுதான் அடுத்த வேலை.

பணம் கொடுத்தால் ஆள் சோம்பேறியாகிவிடுவான் என்ற வாதம் வரும். எப்போதும் வரும். துறைமுக வாரியம் அதற்குப் பதில் வைத்திருந்தது: ஆஜராக வேண்டும், அழைத்தால் போக வேண்டும், மறுத்தால் படி இல்லை. இன்று ஆஜர் எடுப்பது இன்னும் எளிது. துறைமுக வாசலில் எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று மின்னணுப் பதிவு இருக்கிறது. வரிசையில் எப்போது சேர்ந்தது என்பதையும் நிறுத்துமிடத்திலேயே பதிவு செய்துவிட்டால், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு மணிக்கும் ஓட்டுநரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் படி போகும்படி செய்யலாம். செலவு யாருடையது என்பதற்கும் பழைய வாரியத்தின் விடையே போதும்: கன்டெய்னர் ஒன்றுக்கு ஒரு சிறு தீர்வை. அப்படி ஒரு தீர்வை விழ ஆரம்பித்தால், வரிசையைக் குறைப்பதில் துறைமுகத்துக்கும் முனைய நிறுவனங்களுக்கும் தானாகவே அக்கறை வரும். இன்று தாமதத்தின் செலவை ஓட்டுநர் சுமப்பதால்தான் யாருக்கும் அவசரமில்லை.

விளையாட்டில் இன்னும் சுலபம். வென்றவருக்குத் தரும் கோடிகளை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு, ராயபுரம் முதல் எண்ணூர் வரை பதிவு பெற்ற கேரம், குத்துச்சண்டை, கால்பந்துக் கிளப்புகளில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, பதக்கத்தைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மாதம் ஒரு தொகை தரலாம். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரைக்கும் போதும், குடும்பம் பிள்ளையை வேலைக்கு இழுக்கும் வயது அதுதான். காயம்பட்டவர் பயிற்சிக்கு வர முடியாத மாதங்களிலும் மருத்துவச் சீட்டைக் காட்டினால் தொகை நிற்கக் கூடாது. கிளப் நடத்துபவருக்கு இட வாடகையும் மின் கட்டணமும் அரசு பொறுப்பு. மாநில அணிக்குத் தேர்வாகி ஆட வாய்ப்புக் கிடைக்காத மாற்று வீரருக்கு, கிரிக்கெட்டில் தருவது போலவே பாதித் தொகை. இதற்குப் புதிய துறையோ பெரிய கட்டடமோ தேவையில்லை. மாவட்ட விளையாட்டு அலுவலர் ஒருவர், ஒரு பதிவேடு, மாதம் ஒரு முறை நேரில் வந்து பார்க்கும் ஓர் ஆய்வு. முதல் கிளப்பைக் காசிமேட்டிலேயே தேர்ந்தெடுக்கலாம்.